ஆயா கையில் வாட்ச், அடுப்படியில் போன்: நடுவில் காணாமல் போன சிக்னல்

"நைட்டு ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் பாட்டியோட ரீடிங் வரவே இல்லைங்க. கழட்டி வெச்சுட்டாங்களா?"

காலை 8 மணிக்கு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் அக்கா போன் செய்து கேட்டார். ஆயா கழட்டவில்லை. மணிக்கட்டில் அது அப்படியேதான் இருந்தது. "நான் ஏன் கண்ணு கயட்டப் போறேன்? கட்டிக்கினுதான தூங்குனேன்" என்றார்.

எங்கள் வீடு புளியந்தோப்பில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு சின்ன அறை, அடுப்படி. அவ்வளவுதான். இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் இருந்து திரும்பிய ஆயாவுக்கு, வாட்ச் மாதிரி ஒரு பட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இதயத் துடிப்பையும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு குறைந்தால் எங்களுக்கும் மருத்துவமனைக்கும் மெசேஜ் வரும். ஏற்பாடு அருமை.

ஆனால் முதல் வாரத்திலேயே 'சிக்னல் இல்லை' என்று நான்கு முறை மெசேஜ் வந்தது. முதல் முறை வந்தபோது, எண்ணூரில் நைட் ஷிஃப்டில் இருந்த அண்ணன் பாதியில் வேலையை விட்டு ஓடி வந்தார். இரண்டாவது முறை நான் எழுந்து ஆயாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது முறை புரண்டு படுத்தேன். நான்காவது முறை போனை சைலன்ட்டில் போட்டேன்.

அந்த நான்காவது இரவில்தான் ஆயாவுக்கு உண்மையிலேயே மூச்சு வாங்கியது. இதயம் பலவீனமானவர்களுக்குப் படுத்திருக்கும்போது நுரையீரலில் நீர் சேர்ந்து இப்படி ஆவது உண்டு. ஆயா எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த சொம்பைத் தரையில் தட்டினார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்தோம். சமயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்தார்.

ஆக, பல ஆயிரம் ரூபாய் கருவி செய்யாத வேலையை ஒரு சொம்பு செய்தது. கருவி கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. அப்படியானால் சிக்னல் எங்கே போனது? ஆன்டெனா பற்றிப் படித்த ஒரு தோழியிடம் கேட்டேன். அவள் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி: "உங்க ஆயா எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாங்க?"

இந்தக் கேள்விக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

இந்தக் கருவி என்னதான் செய்கிறது?

உடம்பில் அணியும் எந்த ஹெல்த் கருவியையும் ஒரு ரிலே ஓட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சென்சார் உடம்பிலிருந்து ஒரு தகவலை எடுக்கிறது. அதைச் சின்ன சிப் ஒன்று எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணை ஆன்டெனா ரேடியோ அலையாகக் காற்றில் விடுகிறது. பக்கத்தில் இருக்கும் போன் அதைப் பிடித்து, இன்டர்நெட் வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. கடைசியில் ஒரு நர்ஸோ டாக்டரோ பார்க்கிறார்.

இதில் ஒருவர் கையிலிருந்து குச்சி நழுவினாலும் ஓட்டம் முடிந்தது. விளம்பரங்கள் பெரும்பாலும் சென்சாரைப் பற்றியே பேசுகின்றன. எங்கள் வீட்டில் நழுவியது ஆன்டெனாவுக்கும் போனுக்கும் நடுவில்.

இந்த யோசனை புதிதல்ல. 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் மோன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதரின் இதயத் துடிப்பை ரேடியோ வழியாக அனுப்பிக் காட்டினார். அந்தக் கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. எடை சுமார் 38 கிலோ! இன்றைக்கும் இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் 24 மணி நேரம் மாட்டிவிடும் 'ஹோல்டர்' கருவிக்கு அவர் பெயர்தான். 38 கிலோவிலிருந்து சில பத்து கிராமுக்கு வந்துவிட்டோம். ஆனால் அளவு சுருங்கச் சுருங்க, புதிதாக ஒரு சிக்கல் பெரிதாகிவிட்டது. அதுதான் ஆன்டெனா.

ஆன்டெனாவை ஏன் இஷ்டத்துக்குச் சின்னதாக்க முடியாது?

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அதாவது நொடிக்கு சுமார் 240 கோடி அதிர்வுகள். இந்த அலையின் நீளம் காற்றில் சுமார் 12.5 சென்டிமீட்டர். ஓர் ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்ய, பொதுவாக அலை நீளத்தில் பாதியோ கால்வாசியோ இருக்க வேண்டும். கால்வாசி என்றால் சுமார் 3 சென்டிமீட்டர். ஒரு வாட்ச்சுக்குள் பேட்டரி, திரை, சென்சார் எல்லாம் போக, இந்த 3 சென்டிமீட்டருக்கு இடம் தேட வேண்டும். மடித்தும் வளைத்தும் வைக்கலாம். ஆனால் அளவைக் குறைக்கக் குறைக்க ஆன்டெனாவின் திறன் குறையும், அது பிடிக்கும் அலைவரிசையின் அகலமும் சுருங்கும்.

இதுவரை சொன்னது காற்றில் இருக்கும் ஆன்டெனாவின் கதை. அதை உடம்பில் ஒட்டினால் கதையே மாறிவிடும்.

உடம்பு ஏன் சிக்னலை விழுங்குகிறது?

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதுவும் உப்புத் தண்ணீர். ரேடியோ அலையின் கண்ணுக்கு நாம் நடமாடும் தண்ணீர் கேன்கள்தான்.

மைக்ரோவேவ் அடுப்பில் சாதம் எப்படிச் சூடாகிறது? சாதத்தில் இருக்கும் தண்ணீர் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிக்கொள்வதால். ப்ளூடூத்தும் கிட்டத்தட்ட அதே அலைவரிசைதான். 'ஐயோ, அப்ப உடம்பு வெந்துடுமா' என்று பயப்பட வேண்டாம். அதைப் பின்னால் பார்ப்போம். இப்போதைக்கு, உடம்பு இந்த அலையை நன்றாக உறிஞ்சும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதனால் இரண்டு பிரச்சினைகள் வருகின்றன.

முதலாவது, சுருதி மாறிவிடுகிறது. தசைக்குள் இந்த அலையின் வேகம் காற்றில் இருப்பதைவிட சுமார் 7 மடங்கு குறைகிறது. 12.5 சென்டிமீட்டர் அலை அங்கே 2 சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். எனவே காற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் சரியாகச் சுருதி சேர்த்த ஆன்டெனா, தோலுக்குப் பக்கத்தில் வந்ததும் கீழ் சுருதிக்கு இறங்கிவிடுகிறது. ஈரக் கையால் தொட்ட தவில் மாதிரி.

இரண்டாவது, நிழல் விழுகிறது. வலது கையில் கருவி இருந்து, போன் இடது பக்கம் இருந்தால் நடுவில் உடம்பு ஒரு சுவர். அலை அதை ஊடுருவிப் போவது கடினம். தோலின் மேற்பரப்பை ஒட்டி வளைந்து கொஞ்சம் போகும், அறைச் சுவரில் பட்டுத் திரும்பியும் கொஞ்சம் வந்து சேரும்.

ஆயாவின் விஷயம் இப்போது புரிந்திருக்கும். அவர் இடது பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்கும் தரைக்கும் நடுவில் மடித்து வைத்துத் தூங்குபவர். கருவி இருந்தது இடது கையில். படுப்பதோ தரையில் பாய் விரித்து. போன் சார்ஜில் கிடந்தது அடுப்படியில், ஏனென்றால் காலியாக இருக்கும் ஒரே பிளக் பாயின்ட் அங்கேதான். ஆன்டெனாவுக்கு மேலே தலை, கீழே கான்கிரீட் தரை, போனுக்கு முன்னால் ஒரு சுவர். சிக்னல் பாவம், எந்தப் பக்கம்தான் போகும்?

இன்ஜினியர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஒரு வழி, ஆன்டெனாவுக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் உலோகத் தகட்டை வைப்பது. 'பேட்ச் ஆன்டெனா' என்பது இந்த வகை. மேலே ஒரு சின்னத் தகடு, கீழே ஒரு பெரிய தகடு, நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு அடுக்கு. கீழ்த் தகடு, உடம்புப் பக்கம் போகும் அலையைத் தடுத்து வெளிப்பக்கம் திருப்பிவிடும். உடம்பு சுருதியைக் கெடுப்பதும் குறையும். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். அதனால் தகட்டுக்குப் பதிலாக, சின்னச் சின்ன உலோகக் கட்டங்களைக் கோலப்புள்ளி மாதிரி வரிசையாக அமைத்த பரப்பைப் பயன்படுத்தும் ஆய்வுகளும் நடக்கின்றன. சரியாக வடிவமைத்தால், அது மெல்லிய இடைவெளியிலேயே அலையைச் சேதமில்லாமல் திருப்பி அனுப்பும்.

இன்னொரு வழி, ஆன்டெனாவைத் துணியிலேயே செய்வது. வெள்ளி பூசிய நைலான் நூலாலோ, மின்சாரம் கடத்தும் துணியாலோ ஆன்டெனாவைத் தைத்துவிடுகிறார்கள். சட்டையின் தோள்பட்டையிலோ முதுகிலோ வைத்தால் இடத்துக்குப் பஞ்சமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துணி மடங்கும், நீளும், துவைக்கப்படும். வளைந்தால் சுருதி நகரும். நனைந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீர் அலையை இழுத்துப் பிடிக்கும்.

மே மாத மதியத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் சட்டையை யோசித்துப் பாருங்கள். பிழிந்தால் வியர்வை கொட்டும். ஏசி போட்ட ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்த துணி ஆன்டெனா, இங்கே அரை மணி நேரம் தாக்குப்பிடிக்குமா? நல்ல வடிவமைப்பாளர்கள் அதனால்தான் ஈரத்திலும், வளைத்தும், பலமுறை துவைத்தும் சோதிக்கிறார்கள். ஒரு கருவி ராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ வரப்போகிறது என்றால், வியர்வை சோதனையும் கட்டாயம் நடந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, உடம்பில் எதையும் கட்டாமல் விடுவது. பெங்களூரைச் சேர்ந்த 'டோஸீ' நிறுவனத்தின் சென்சார், மெத்தைக்கு அடியில் விரிக்கும் ஒரு தகடு. இதயம் துடிக்கும்போதும் மூச்சு விடும்போதும் உடம்பில் உண்டாகும் மெல்லிய அதிர்வுகளை அது படிக்கிறது. மருத்துவமனைக் கட்டிலுக்கு நல்ல ஏற்பாடு. ஆயாவிடம் சொன்னேன். "மெத்தைக்கு எங்க போறது, பாய்க்கு அடியில வெக்கச் சொல்லு" என்றார்.

சென்சார் மட்டும் ஒழுங்கா?

ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் முறை எளிமையானது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சாது, அகச்சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாத ரத்தம் இதற்கு நேர் எதிர். இரண்டு ஒளியையும் செலுத்தி, துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட்டால் விடை வந்துவிடும். ஜப்பான் இன்ஜினியர் டகுவோ அயோயாகி 1974-ல் முன்வைத்த யோசனை இது. கொரோனா காலத்தில் அந்தக் குட்டி பல்ஸ் ஆக்சிமீட்டரை உலகமே தேடி ஓடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார்.

ஆனால் ஒளி முதலில் கடக்க வேண்டியது தோலை. தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில், ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது எத்தனை பேருக்கு என்று பார்த்தார்கள். வெள்ளையின நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

நம் ஊரில் எத்தனை விதமான தோல் நிறங்கள் இருக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. 'எல்லாத் தோல் நிறத்திலும் சோதித்தீர்களா?' என்பது கருவி விற்பவரிடம் நாம் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. அதேபோல மணிக்கட்டைவிட விரல் நுனியில் எடுக்கும் அளவு பொதுவாக நம்பகமானது. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், கை அசைவு எல்லாம் அளவைக் கெடுக்கும்.

சென்னையில் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். 2020 மே மாதத்தில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் கொரோனா எண்ணிக்கையில் ராயபுரம் முதலிடத்தில் இருந்தது. புளியந்தோப்பு இருக்கும் திரு.வி.க. நகர் மண்டலமும் முன்வரிசையில் இருந்தது. படுக்கைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. லேசான அறிகுறி உள்ளவர்களை வீட்டிலேயே வைத்துக் கண்காணிக்க வேண்டிய கட்டாயம்.

அந்த நேரத்தில் ஐஐடி மெட்ராஸின் ஹெல்த்கேர் டெக்னாலஜி இன்னோவேஷன் சென்டரும், அங்கே வளர்ந்த 'ஹெலிக்ஸான்' என்ற ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து ஒரு கருவியைக் கொண்டுவந்தன. விரலில் மாட்டினால் உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு, மூச்சு வேகம், இதயத் துடிப்பு ஆகிய நான்கையும் போனுக்கோ மருத்துவமனையின் கண்காணிப்புத் திரைக்கோ அனுப்பும். 2020 ஜூலையில் வந்த அறிவிப்பின்படி, மருத்துவமனைகளிலும் வீடுகளிலுமாக 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. விலை, வசதிகளைப் பொறுத்து 2,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை.

ஒருவர் முடித்ததும் இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இதில் முக்கியமான விஷயம். மருத்துவமனை இரவல் கொடுத்து வாங்கிக்கொண்டால், ஒவ்வொரு குடும்பமும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை.

சரி, கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. மைக்ரோவேவ் அடுப்பு சுமார் 800 வாட் சக்தியை மூடிய பெட்டிக்குள் செலுத்துகிறது. இத்தகைய ப்ளூடூத் கருவிகள் பெரும்பாலும் 1 முதல் 10 மில்லிவாட் வரைதான் அனுப்பும். 1 மில்லிவாட் கருவியோடு ஒப்பிட்டால் அடுப்பின் சக்தி 8 லட்சம் மடங்கு. அதோடு கருவி எப்போதும் அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த, சேர்த்து வைத்து அவ்வப்போது சில நொடித் துளிகள் மட்டுமே அனுப்பும்.

மொபைல் போன்களுக்கு இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் ஒரு வரம்பு இருக்கிறது. உடம்பு உறிஞ்சும் சக்தி, 1 கிராம் திசுவில் சராசரியாகக் கணக்கிட்டால், கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. காதில் வைத்துப் பேசும் போனைவிட இந்த மணிக்கட்டுக் கருவிகள் அனுப்பும் சக்தி மிகக் குறைவு.

அப்படியானால் எங்கள் வீட்டில் தவறு யாருடையது?

யோசித்துப் பார்த்தால், இயற்பியலின் மேல் பழிபோட முடியாது. உடம்பு சிக்னலை மறைக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிக்னல் போகும் என்பது தெரிந்த பிறகு, போகும்போது என்ன செய்வது என்று திட்டமிடுவதுதான் வடிவமைப்பு.

ஆயாவின் பட்டையில் நினைவகம் இருந்திருந்தால், தொடர்பு போன நேரத்து அளவுகளைச் சேமித்து, ஆயா புரண்டு படுத்ததும் மொத்தமாக அனுப்பியிருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் பட்டையே அதிர்ந்து கத்தியிருந்தால், போன் எங்கே இருந்தாலும் பக்கத்தில் படுத்திருந்த எங்களுக்குக் கேட்டிருக்கும். 'சிக்னல் இல்லை' என்பதற்கும் 'ஆபத்து' என்பதற்கும் வேறு வேறு சத்தம் இருந்திருந்தால், நான் அந்த இரவு போனை சைலன்ட்டில் போட்டிருக்க மாட்டேன்.

அடிக்கடி பொய்யாக அடிக்கும் அலாரத்தை மனிதர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். மருத்துவமனை ஐசியூக்களில் நர்ஸ்களுக்கே இது நடக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வேலை முடிந்து களைத்துத் தூங்கும் ஒரு குடும்பம் மட்டும் விதிவிலக்கா என்ன?

'தனி அறை, கட்டில், தலைமாட்டில் நோயாளிக்கென்று ஒரு ஸ்மார்ட்போன்' என்று நினைத்துச் செய்த கருவி அது. எங்கள் தெருவில் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அதை நைட் ஷிஃப்ட் போகிறவர் எடுத்துப்போனால், நோயாளியின் ஒரே இணைப்பும் அவரோடு போய்விடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் யார் எங்கே படுப்பார், போன் யாரிடம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஒருவர் கருவியை மாட்டிவிட்டு, ஓர் இரவு சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தால், எங்கள் பிரச்சினை முதல் நாளே தீர்ந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு கருவி வந்தால்...

• போனை நோயாளிக்கு 2-3 மீட்டருக்குள், நடுவில் சுவர் இல்லாமல் வையுங்கள். தரையில் வேண்டாம். ஸ்டூல் மேலோ ஜன்னல் திண்டிலோ வைத்தால் நல்லது.

• எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்று பாருங்கள். கருவியை மேல் பக்கம் இருக்கும் கையில் கட்டுங்கள்.

• தொடர்பு போனால் அளவுகள் கருவியில் சேமிக்கப்படுமா, கருவியே சத்தம் எழுப்புமா என்று கொடுப்பவரிடம் கேளுங்கள்.

• அலாரம் வந்தால் இரவில் யாரை அழைப்பது என்ற எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கண்காணிப்பு 24 மணி நேரமா, பகலில் மட்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

• கடையில் வாங்கும் சாதாரண ஸ்மார்ட்வாட்ச் மருத்துவக் கருவி அல்ல. மருத்துவக் கருவி என்று விற்கப்பட்டால், 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

• கருவி 'நார்மல்' என்று காட்டினாலும் நோயாளி மூச்சு வாங்குகிறது என்றால், நோயாளியை நம்புங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

ஆயாவுக்கு இப்போது பட்டை வலது கையில். அடுப்படியிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து, அவர் தலைமாட்டுக்கு அருகில் ஸ்டூல் மேல் போனை வைத்திருக்கிறோம். ஒயரின் விலை 180 ரூபாய். அதன் பிறகு 'சிக்னல் இல்லை' மெசேஜ் ஒரே ஒரு முறைதான் வந்தது. அன்றைக்கு அண்ணன் மறந்துபோய் போனை வேலைக்கு எடுத்துப் போயிருந்தார்.

சொம்பையும் நாங்கள் எடுக்கவில்லை. அது அதே இடத்தில்தான் இருக்கிறது. "இதுக்கு சார்ஜ் போடத் தேவல்ல" என்கிறார் ஆயா.